ஒப்பாரியில் கேட்டது

எங்கள் வீட்டுக்காரருக்குச் செஸ் ஆடத் தெரியும், பேசத் தெரியாது. பேசத் தெரியாதவர்கள் பேசாமல் இருந்துவிட்டால் ஊரில் பாதி வம்பு குறைந்துவிடும். இவர் பேசுவார். யாராவது கேட்டால்தான் பேசுவார், ஆனால் கேட்டுவிட்டால் உள்ளதை உள்ளபடி, எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டுத்தான் ஓய்வார். இப்படிப்பட்ட மனிதரை ஊரார் நேர்மையானவர் என்பார்கள். கூடக் குடித்தனம் நடத்துகிறவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

இது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது இவர் பாலக்காட்டில் ஒரு பேங்கில் கிளார்க். அதற்கு முன்னால் மூணாறு கிளையில் இருந்தோம். மழை பிடித்தால் வெளியே தலைகாட்ட முடியாத ஊர் அது. அங்கே எஸ்டேட் ஆபீஸ்காரர்களோடு உட்கார்ந்து ஆடி ஆடித்தான் இவருக்கு இந்தப் பைத்தியம் முற்றியது. பாலக்காட்டுக்கு மாற்றலாகி வந்த பிறகு திருச்சூரில் நடந்த பெரிய போட்டியில் மாநிலத்துக்கே முதலாவதாக வந்தார். பேப்பரில் படம் போட்டார்கள். படத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் ஊரில் இல்லாத நாளில் கிளம்பிப் போனால் அப்படித்தான் ஆகும்.

என் அப்பாவும் அம்மாவும் எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்விட்டார்கள். என்னை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது பெரியப்பாவும் பெரியம்மாவும்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோபாலபுரம் போகிற வழியில், செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் அவர்கள் வீடு. தென்னந்தோப்பும் வயலும் நிறைய இருந்தன. அவர்களுக்கு ஒரே மகன். என்னைவிட மூத்தவன், எனக்கு அண்ணன். எனக்குத் தாய்வீடு என்றால் அந்த ஒரு வீடுதான்.

உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டம் வந்திருந்த சமயம். குத்தகை நெல் வாங்குவதே குற்றம் என்றாகிவிட்டது. பழைய பழக்கத்துக்காகவோ பயத்துக்காகவோ ஓரிருவர் மறைவாகக் கொண்டுவந்து போட்டார்கள். மற்றவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பெரியப்பா வீட்டு நெல் அறை பாதி காலியாகக் கிடந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள், ஆனால் பெரியம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது அந்த அறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்த சமயத்தில், ஒருநாள் பொழுது சாய்கிற நேரம் நாலைந்து பேர் வந்து பெரியப்பாவை வாசலிலேயே வெட்டிப்போட்டுவிட்டு எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தீவிரவாதிகள் என்று பேப்பர்கள் எழுதின. பக்கத்து ஊர்களில் நிலம் நீச்சு உள்ளவர்கள் எல்லாம் சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாட்டுத் தொழுவத்துக்குப் போன அப்பாவை வழிமறித்து வெட்டிவிட்டார்கள் என்று அண்ணன் போலீஸில் எழுதிக் கொடுத்தான். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உடலைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பெரியம்மா ஒப்பாரி வைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக்கு ஒரு முறை உண்டு. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒப்பாரியில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மாமியார் சோறு போடாததைச் சொல்லலாம், பங்காளி வரப்பை வெட்டியதைச் சொல்லலாம், செத்தவரின் வைப்பாட்டியைக்கூடச் சொல்லலாம். பந்தலில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். அவர்கள் காதில் எதுவும் விழுந்திருக்காது. அழுகை ஓய்ந்ததும் நீ இப்படிச் சொன்னாயே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அங்கே சொன்னது அங்கேயே முடிந்தது.

அன்றைக்குப் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"காச்சல்ல கெடந்தீங்களே, கம்பளிய ஒதறீட்டு, நெல்லு வந்ததுன்னு நெலை தாண்டிப் போனீங்களே..."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொழுவத்துக்குப் போகவில்லை, நெல் வந்திருக்கிறது என்று யாரோ கூப்பிட்டுத்தான் பெரியப்பா வெளியே போயிருக்கிறார். அண்ணன் ஏன் போலீஸில் மாற்றிச் சொன்னான் என்பதும் புரிந்தது. குத்தகை நெல்லை வாங்கப் போய்த்தான் அப்பா செத்தார் என்று எழுதிக்கொடுத்தால் மானமும் போகும், கோர்ட்டில் நடந்துகொண்டிருந்த நிலத்து வழக்கும் போகும். பந்தலில் இருந்தவர்கள் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எதிராளி காயில் கை வைக்கும்போது இவர் அப்படித்தான் பார்ப்பார்.

கருமாதிக்கு முன்னாலேயே பாலக்காட்டை அடுத்த சித்தூரில் ஒரு வாசகசாலையில் இவருக்குப் பாராட்டுக்கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். சாவு விழுவதற்கு முன்பே ஒத்துக்கொண்டது. போகவேண்டாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். அண்ணன் கேள்விப்பட்டால் என்ன நினைப்பான் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன், மாலையைக்கூட வாங்கிக்கொள்ளமாட்டேன், போய் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். சொன்னபடி மாலையை வாங்கிக்கொள்ளவில்லை. உட்கார்ந்தும் இருந்தார். கூட்டம் முடிந்ததும் ஒரு பேப்பர்காரர் வந்து, உங்கள் மனைவி வீட்டில் நடந்த கொலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டாரே, இவர் சொல்லாமல் இருப்பாரா?

விஷயம் எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. நாங்கள் பாலக்காட்டில் கல்பாத்திக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். அடுத்த வீட்டு மாமி மலையாளப் பேப்பரை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். "ஒங்காத்துக்காரர் சொன்னதாக்கும் இது? இல்லை, இவாளே எழுதிண்டாளா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். 'நல்ல ஆட்டம்: செஸ் சாம்பியன்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

கீழே இப்படி இருந்தது: செய்தது கொலை, மன்னிக்க முடியாதது. ஆனால் ஆட்டம் என்று பார்த்தால் நல்ல ஆட்டம். காய்ச்சலில் கிடந்த மனிதர் வேறு எதற்கும் எழுந்து வந்திருக்கமாட்டார். நெல் வந்திருக்கிறது என்றால் அந்த ஆசைக்கு வருவார் என்று தெரிந்து கூப்பிட்டிருக்கிறார்கள். சிப்பாயைக் காட்டி ராஜாவை வெளியே இழுத்துவிட்டார்கள். இவ்வளவுதான் இவர் சொன்னதாகப் போட்டிருந்தது. அதற்கே எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

குளித்துவிட்டு வந்தவரிடம் பேப்பரை நீட்டினேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். ஒரு வார்த்தை மாற்றாமல் போட்டிருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டார். அந்த நிமிஷம் செஸ் பலகையை எடுத்து அடுப்பில் வைத்திருப்பேன். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. பேங்கு மேனேஜர் கூப்பிட்டு, நான் அப்படிச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுங்கள், மேலே நான் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இவர் முடியாது என்றுவிட்டார். நிலக்காரர்கள் சிலர் கூட்டமாகப் போய் இவரை வேலையைவிட்டு எடுக்கவேண்டும் என்று மேனேஜரிடம் சத்தம் போட்டார்கள். செஸ் கிளப்பில் மாட்டியிருந்த இவர் படத்தைக் கழற்றிவிட்டார்கள். தெருவில் நான் காய்கறி வாங்கப் போனால் பேச்சு நின்றுபோகும். அது போதாதென்று ஒருநாள் தாடி வைத்த மூன்று இளைஞர்கள் வந்து, துணிந்து சொன்னீர்கள் என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இவர் கையை உருவிக்கொண்டு, நடந்தது கொலை, உங்களுக்கு அதில் என்ன சந்தோஷம் என்று கேட்டார். அவர்களும் முறைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு கட்சியையும் ஒரே வாரத்தில் பகைத்துக்கொள்ள இவரால்தான் முடியும்.

அண்ணன் வந்தான். மொட்டைத் தலையோடு, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றேன். தண்ணீர் கொண்டுவந்தேன், வாங்கவில்லை. இவரைப் பார்த்துத்தான் பேசினான்.

"மாப்ளை, பேப்பர்காரன் மாத்திப் போட்டுட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் எல்லாத்தையும் மறந்தர்றேன்."

"மாத்திப் போடலீங்க மச்சான். நான் சொன்னதத்தான் போட்டிருக்காங்க."

"எங்கப்பன் நெல்லுக்கு அலைஞ்சு செத்தாருன்னு நாலு ஊருக்குச் சொல்லீட்டீங்க. அதை அப்படியே உட்டரோணுமா?"

தொட்ட காயை ஆடித்தான் ஆகவேண்டும் என்று இவர் தொடங்கினார். நான் இவர் கையைப் பிடித்து இழுத்தேன். அண்ணன் அதற்குள் திரும்பி நடந்துவிட்டான். மானத்துக்காக ஒரு பொய் சொல்லக்கூடாதா என்று நான் அழுதேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துக்கத்தில் இருக்கிறாய், அதனால் உனக்கு அப்படித் தோன்றுகிறது என்றார். பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதுவரைக்கும் மானம் போகிற பிரச்சினை. அதற்கப்புறம் எஸ்.ஐ. வந்தார், உயிர் போகிற பிரச்சினையாகிவிட்டது.

மலையாளத்துக்காரர், வயது குறைவு, தமிழும் மலையாளமும் கலந்து மரியாதையாகத்தான் பேசினார். பேப்பரை மடித்துக் கையில் வைத்திருந்தார். செத்தவர் வீட்டார் எழுதிக்கொடுத்ததில் அவர் தொழுவத்துக்குப் போனார் என்று இருக்கிறது. நெல் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள் என்பது யாருடைய ஸ்டேட்மெண்டிலும் இல்லை. கூப்பிட்டவர்களுக்குத் தெரியும், செத்தவருக்குத் தெரியும். சார், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"ஒப்பாரியில கேட்டேனுங்க" என்றார் இவர்.

தன்னைக் கேலி செய்கிறார் என்றுதான் எஸ்.ஐ. நினைத்தார். முகம் மாறிப்போயிற்று. மூணாற்றில் இவர் யார் யாரோடு செஸ் ஆடினார், அவர்களில் யூனியன்காரர்கள் உண்டா, அந்தத் தாடிக்காரர்கள் எதற்கு வீட்டுக்கு வந்தார்கள் என்று அடுக்கிக் கேட்டார். இவர் ஒவ்வொன்றுக்கும் பெயர் பெயராகப் பதில் சொன்னார். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒப்பாரியைக் கேட்டவர்கள் ஒரு பந்தல் நிறைய இருக்கிறார்கள் என்றார்.

எஸ்.ஐ. ஊருக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அழுகைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை என்றார்கள் சிலர். நாங்கள் விறகு பார்க்கப் போயிருந்தோம் என்றார்கள் சிலர். பொம்பளைக அழுவறதையெல்லாம் நாங்க காதுல போட்டுக்கறதில்லீங்க என்று ஒரு பெரியவர் சொன்னாராம். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இவருக்கு வஞ்சகம் செய்யவேண்டும் என்று சொல்லவுமில்லை. ஒப்பாரியில் கேட்டதைப் போலீஸ்காரனிடம் சொல்கிற ஆணை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை, எங்கள் வீட்டுக்காரரைத் தவிர. அண்ணனும் அப்படி யாரும் அழவில்லை என்று சொல்லிவிட்டான்.

எஸ்.ஐ. திரும்பி வந்து, கருமாதி முடியட்டும், அன்றைக்கு அங்கேயே வருகிறேன், உங்களையும் உங்கள் மச்சானையும் எதிரெதிரே வைத்துக் கேட்கிறேன், அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும் என்றார். ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றும் சொன்னார். அந்த நாளில் இந்த மாதிரி கேஸில் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வாத்தியாரைக் கூட்டிப் போனார்கள். திரும்பி வந்த பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். இவரோ அன்றைக்கும் பலகையை விரித்துவைத்துக்கொண்டு தனியாக ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் காயை எடுத்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இவருக்கும் பயம் இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இவரைக் காப்பாற்ற ஒருத்தியால்தான் முடியும். நான் பஸ் ஏறிப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி பக்கத்திலேயே இருந்தாள், நகரவில்லை. "சாப்டியா அம்மிணி" என்றாள் பெரியம்மா. சாப்பிட்டேன் என்றேன். அன்றைக்கு என்னவென்று அழுதாய், அதைப் போலீஸிடம் சொல் என்று எப்படிக் கேட்பது? அழுததைத் திருப்பிக் கேட்பது மாதிரி கேவலம் வேறில்லை. அதுவும் என்னை வளர்த்தவளிடம், புருஷனைப் பறிகொடுத்த மறுவாரம். சாயங்காலம் வரைக்கும் அவள் காலருகே உட்கார்ந்திருந்துவிட்டு, கேட்காமலே திரும்பி வந்தேன். வழியெல்லாம் இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கருமாதியன்று இவரும் நானும் போனோம். யாரும் வா என்று சொல்லவில்லை. சடங்கெல்லாம் முடிந்து, உருமால் கட்டுகிற சமயம். செத்தவரின் மகனுக்கு அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவர் தலையில் புதுத்துணி கட்டிவிடுவது எங்கள் குடும்பத்து முறை. அந்த வீட்டுக்கு நான்தான் பெண். துணி தட்டில் இருந்தது. அண்ணன் தட்டைப் பார்த்தான், எங்களைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது.

கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம் என்று எஸ்.ஐ. இவரையும் அண்ணனையும் நெல் அறைக்குள் கூட்டிப் போனார். நானும் கூடவே போனேன், தடுக்கவில்லை. நெல் இல்லாத அறை, பேசினால் குரல் திரும்பி வந்தது. அப்படி ஒரு ஒப்பாரி நடக்கவில்லை என்று அண்ணன் மறுபடியும் சொன்னான். எஸ்.ஐ. இவரைப் பார்த்தார்.

"நான் கேட்டேனுங்க. அவருக்கு நெல்லு மேல இருந்த ஆசை தெரிஞ்சவங்கதான் அப்படிக் கூப்பிட்டிருக்கோணும். அதத்தான் சொன்னேன்" என்றார் இவர். அந்த இடத்திலும் விளக்கம். அண்ணன் கையை ஓங்கிவிட்டான். எஸ்.ஐ. நடுவில் வந்து நின்றார்.

"அவருக்கு ஆசையில்லீங்க."

பெரியம்மா வாசற்படியில் நின்றாள். வெள்ளைச் சீலையில் அவளை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அன்றைக்கு அவள் வெளி ஆண்களுக்கு முன்னால் வரக்கூடாது. உள்ளே போ என்று அண்ணன் சொன்னான். அவள் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு எஸ்.ஐ.யைப் பார்த்துப் பேசினாள். அழவில்லை.

"இழுத்துப் போத்தீட்டுப் படுத்திருந்தார். வேலிகிட்ட இருந்து, பண்ணாடி, நெல்லு வந்திருக்குதுங்கன்னு கூப்பிட்டானுக. அவரு காதுலயும் உழுந்துது. நாளைக்கு வரச்சொல்லுன்னார். நாந்தான் உடல. வராத நெல்லு வந்திருக்குது, நாளைக்குன்னா மனசு மாறிக்குவானுக, எந்திரிங்கன்னு கையப் புடிச்சு எழுப்பினேன். தோளுக்குத் துண்டும் எடுத்துக் குடுத்தேன்."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பிறகு, அப்படியானால் இவர் ஒப்பாரியில் கேட்டதாகச் சொன்னது நிஜமா என்றார்.

"நெசந்தானுங்க. அழுவறப்ப அவரு மேல போட்டு அழுதேன். என்ற மேல போட்டு அழ வாய் வரல."

முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று எஸ்.ஐ. மெதுவாகக் கேட்டார். பெரியம்மா மகனைப் பார்த்தாள். அண்ணன் காலி மூட்டைகள் கிடந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது. எஸ்.ஐ. தொப்பியை எடுத்துக்கொண்டு, இவரைப் பார்த்து, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றார். என் உடம்பிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. உள்ளதைச் சொல்லவேண்டும், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். பெரியம்மாவை நினைத்து வந்த வேதனை அதற்குப் பின்னால்தான் வந்தது.

எல்லோரும் வெளியே வரத் திரும்பும்போது பெரியம்மா இவரைக் கூப்பிட்டாள்.

"மாப்ளைங்க. இதையும் வெளிய கொண்டுபோய்ச் சொல்லிப்போடாதீங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். இவரை யாரும் அப்படி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கேயாவது மண்ணில் புதைந்துவிட மாட்டோமா என்று இருந்தது எனக்கு.

வெளியே கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. போலீஸ் வந்தது, போயிற்று, அவ்வளவுதான் அவர்கள் பார்த்தார்கள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தான். தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தட்டை அவர் கையில் கொடுத்தான். அவர் உருமால் கட்டினார். இவர் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம்.

பஸ்ஸில் இவர் டிக்கெட் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, நான் சொன்னது தப்பு என்றார். அப்பாடா, இப்போதாவது புரிந்ததே என்று நினைத்தேன். ஆனால் இவர் சொன்ன தப்பு வேறு. அவர் ஆசைக்காக எழுந்து வரவில்லை, பெரியம்மா சொல்லித்தான் வந்திருக்கிறார், பேப்பரில் நான் செத்தவர் மேல் தப்பாகப் பழி போட்டுவிட்டேன், அந்தப் பேப்பர்காரரைப் பார்த்துத் திருத்திச் சொல்லவேண்டும், நாளைக்கே சித்தூருக்குப் போகிறேன் என்றார். இவருக்கு அது அநியாயமாகவே பட்டிருக்கிறது. கண் கலங்கியிருந்தது.

"திருத்தினீங்கன்னா நான் உங்ககூடக் குடித்தனம் பண்ணமாட்டேன்" என்றேன்.

பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஆளைத் திருத்தினால் இன்னொரு ஆள் மேல் விழும் என்றேன். பெரியப்பா செத்துவிட்டார், அவருக்கு இனிமேல் எதுவும் உறைக்காது. அவள் அந்த ஊரில்தான் இன்னும் இருக்கவேண்டும், அதே வாசலில்தான் கோலம் போடவேண்டும். நீங்கள் சொன்னது தப்பாகவே இருக்கட்டும், ஊர் உங்களைத் திட்டட்டும், எங்கள் அண்ணன் ஜென்மத்துக்கும் உங்களோடு பேசாமல் இருக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது என்றேன். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். சித்தூருக்குப் போகவில்லை.

அண்ணன் தன் அம்மாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். சோறு போடுவாள், சாப்பிடுவான். எங்களை ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. நான் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். இவரைப் பற்றி அவள் கேட்பாள், நன்றாக இருக்கிறார் என்பேன். அந்த அறையில் நடந்ததை நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசவில்லை.

சில வருஷங்கள் கழித்து மூணாற்றில் ஒரு போட்டிக்கு இவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். இவருடைய பழைய சகாக்கள் ஏற்பாடு செய்தது. நானும் போயிருந்தேன், முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நல்ல கூட்டம். பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு பேப்பர்காரர் எழுந்தார். உங்கள் மனைவியின் பெரியப்பா கொலையைப் பற்றி நீங்கள் அன்றைக்குச் சொன்னது பெரிய சர்ச்சையானது, அவர் ஆசைக்காக வெளியே வந்து செத்தார் என்றீர்கள், இன்றைக்கும் அப்படியே சொல்வீர்களா என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து கேட்ட கேள்விக்கு உள்ளதை மட்டுமே சொல்லிப் பழகிய மனிதர். உதடு ஒரு தடவை திறந்து மூடியது. ஐயோ, சொல்லிவிடப்போகிறார் என்று நினைத்தேன். நான் தலையைக்கூட அசைக்கவில்லை.

"ஆமாங்க" என்றார். "அப்படியேதான் சொல்றேன்."

யாரோ வெட்கமில்லையா என்று சத்தம் போட்டார்கள். நாலைந்து பேர் எழுந்து வெளியே போனார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனிதர் மேல் ஆசை ஆசையாக வந்தது.

மறுநாள் பேப்பரில் அது வந்தது. அண்ணன் படித்துவிட்டு, அந்த ஆள் செத்தால்கூட எனக்குச் சொல்லியனுப்ப வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டான். பெரியம்மாவுக்கும் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த தடவை நான் போனபோது, அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாப்ளைக்கு என்று சொல்லி ஒரு வேட்டியை என் கையில் கொடுத்தாள்.